முதலில் சோறு, காரணம் அப்புறம்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. போன வருடக் கடைசியில் "டயட்" என்று ஆரம்பித்தாள். முதலில் இனிப்பை விட்டாள், பிறகு எண்ணெய்ப் பண்டம், இப்போது சோறே தொடுவதில்லை. மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை. எலும்பு தெரிகிறது, ஆனால் தொடை பெருசாக இருக்கிறது என்கிறாள். சாப்பாட்டுப் பேச்சை எடுத்தாலே சண்டை. இது நோயா, வயசுக் கோளாறா? கவுன்சிலிங் கூட்டிப்போனால் சரியாகுமா?

பதில்:

வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். நேரில் பார்க்காமல் யாரும் நோய்க்குப் பெயர் வைக்கக்கூடாது. ஆனால் எடைச் சரிவு, நின்றுபோன மாதவிடாய், எலும்பு தெரியும்போதும் "குண்டாக இருக்கிறேன்" என்ற நம்பிக்கை, தட்டைப் பார்த்தாலே வரும் கோபம் என்று இத்தனையும் சேர்ந்து வந்தால், அனொரெக்சியா நெர்வோசா என்ற உண்ணல் கோளாறை எந்த மருத்துவரும் சந்தேகித்தே ஆகவேண்டும். மனநோய்களில் உயிரிழப்பு அதிகமுள்ளவற்றில் இதுவும் ஒன்று. 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்நோய் உள்ளவர்களின் இறப்பு விகிதம் அதே வயதுள்ள மற்றவர்களைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு இருந்தது. அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கவுன்சிலிங்குக்கு முன்னால், இந்த வாரமே ஒரு குழந்தை நல மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். "பசியில்லை, டானிக் குடுங்க" என்று சொல்லாமல், "வேண்டுமென்றே சாப்பாட்டைக் குறைக்கிறாள், இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ இறங்கியிருக்கிறது, மாதவிடாய் நின்றிருக்கிறது" என்று நேராகச் சொல்லுங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்கவேண்டும். உடல் வெப்பம், இசிஜி, ரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம் ஆகியவையும் வேண்டும். பகலில் விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போனாலும், மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இருந்தாலும், உடல் வெப்பம் 96 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினாலும், மயங்கி விழுந்தாலும், தண்ணீரையும் மறுத்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். எடை இன்னும் "நார்மல்" எல்லைக்குள் இருக்கிறது என்பது இங்கே ஆறுதல் ஆகாது. முன்பு பருமனாக இருந்து வேகமாக இளைத்த பிள்ளைக்கும் இதயம் இதே அளவுக்கு மந்தமாகும். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்தாலும் நிம்மதியடைய முடியாது. உடல் கடைசிவரை ரத்தத்தைச் சமன்செய்துகொண்டே இருக்கும். அது முடியாமல் போகும்போதுதான் எண்கள் மாறும்.

காசநோய், தைராய்டு, சர்க்கரை நோய், குடல் நோய்கள் இல்லை என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் ஊரில் இளைத்துப்போன பிள்ளைக்கு முதல் சந்தேகம் காசநோய்தான், அது நியாயமும்கூட. சுவாரசியம் என்னவென்றால், இந்நோயைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்பையும் காசநோய் வல்லுநர் ஒருவர்தான் எழுதினார். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689-ல் வெளியிட்ட நூலில், பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றி எழுதுகிறார். மனக்கவலையில் மாதவிடாய் நின்றது, இரவெல்லாம் புத்தகமும் படிப்புமாக இருந்தாள், தோல் போர்த்திய எலும்புக்கூடாக ஆனாள். ஆனால் காய்ச்சல் இல்லை, மாறாக உடம்பெல்லாம் சில்லென்று இருந்தது என்கிறார். அந்தப் பெண் மருந்துகளை மறுத்து, சில மாதத்தில் மயக்கம் வந்து இறந்துபோனாள். இன்ஸ்டாகிராமுக்கு முந்நூறு வருடத்துக்கு முந்தைய கதை இது. இந்தக் காலத்துச் செல்போனால் வந்த வினை என்று மட்டும் சொல்பவர்களுக்காக நினைவூட்டுகிறேன்.

மகப்பேறு மருத்துவரிடம் போனால், மாதவிடாய் வரவழைக்க ஹார்மோன் மாத்திரை எழுதித்தரக்கூடும். சாப்பாட்டு விஷயத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையால் வரும் உதிரப்போக்கைப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று குடும்பமே நம்பிவிடும். ஆனால் பட்டினியால் அடங்கிப்போன மூளைச் சுரப்பிகள் அதனால் விழித்துக்கொள்வதில்லை. வழக்கமான கருத்தடை மாத்திரைகள் எலும்பையும் காப்பாற்றுவதில்லை. வாழ்நாள் முழுமைக்குமான எலும்பு வலு சேரும் வயது இது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: "பீசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கு, வெயிட்டைக் குறை" என்று யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு வரியிலிருந்தே பல பெண்பிள்ளைகளின் டயட் தொடங்குகிறது.

இனி, நீங்கள் கேட்காமலே கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். ஏன் இப்படி ஆனாள்? என்ன மனக்குறை? அதைக் கண்டுபிடித்துப் பேசிப் புரியவைத்தால் தானாகச் சாப்பிடுவாளா?

பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கின்றன. காரணத்தைத் தேடி, அவளுக்குப் புரிய வைத்து, அவளாக மனம் மாறியபின் சாப்பிடுவாள் என்று காத்திருக்கிறார்கள். அந்த வரிசையே தலைகீழானது. சாப்பாடு உள்ளே போகவேண்டும், அதற்குப் பிறகுதான் மனம் மாறும்.

இதற்கு மிக வலுவான சான்று நோயாளிகளிடமிருந்து வரவில்லை, திடகாத்திரமான ஆண்களிடமிருந்து வந்தது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், கால்பந்து மைதானத்துக்கு அடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில், உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் ஒரு சோதனையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் பட்டினியால் வாடும் ஐரோப்பியர்களை எப்படி மீட்டெடுப்பது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு உணவு பாதியளவுக்குக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. எடையில் ஏறத்தாழ கால்வாசி கரைந்தது.

பிறகு நடந்ததைப் படித்துப் பாருங்கள், உங்கள் வீட்டில் நடப்பதுபோல் இருக்கும். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு. சமையலில் துளியும் அக்கறை இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களையும் செய்முறைகளையும் சேகரித்தார்கள். கொடுத்த கொஞ்சத்தையும் துண்டு துண்டாக்கி, கலந்து பிசைந்து, வெகுநேரம் வைத்துச் சாப்பிட்டார்கள். யாராவது குறுக்கே பேசினால் எரிந்து விழுந்தார்கள். காபியும் சூயிங்கமும் அளவு மீறின. நண்பர்களிடமிருந்து விலகினார்கள், சிரிப்பு போயிற்று, சோர்வும் மனவாட்டமும் கவிந்தன. எப்போதும் குளிரெடுத்தது. சராசரி நாடித்துடிப்பு 35 அளவுக்கு இறங்கியது. மறுபடி உணவு கொடுக்கத் தொடங்கியதும் ஒரே நாளில் சரியாகவில்லை. சிலர் வயிறு வெடிக்கச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். இடுப்பிலும் வயிற்றிலும் சதை போடுகிறதே என்று கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள்.

இந்த ஆண்கள் யாருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை கிடையாது. அவர்களுக்கு வந்ததெல்லாம் பட்டினியின் வேலை. ஆகவே உங்கள் மகள் நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்ப்பதும், தம்பிக்குக் கேக் செய்து ஊட்டிவிட்டுத் தான் ஒரு வாய் தொடாமல் இருப்பதும், அரை இட்லியை முக்கால் மணி நேரம் பிய்ப்பதும், "எண்ணெய் எவ்வளவு ஊத்தின?" என்று அடுப்படியில் காவல் நிற்பதும் திமிர் இல்லை, நடிப்பும் இல்லை. காய்ந்துபோன மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். அந்த மூளையிடம் போய் "யோசிச்சுப் பாரு" என்றால் அதனால் முடியாது.

சிகிச்சை உலகமும் இதைத் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய்க்குப் பெயர் வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நோயாளிக்கு உறவினர்களைப்போல் மோசமான துணை வேறில்லை என்ற எண்ணம் கொண்டவர். பிள்ளையைக் குடும்பத்திடமிருந்து பிரிப்பதே வைத்தியம் என்று வெகுகாலம் இருந்தது. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இதைத் திருப்பிப் போட்டார்கள். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், அவர்களையே செவிலியராக்கி, சாப்பிட வைக்கும் பொறுப்பை முழுதாக அவர்கள் கையில் கொடுத்தார்கள். இளம் வயதில் நோய் தொடங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு இந்த முறை தனிநபர் சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்தது என்று 1987-ல் வெளியானது. 2010-ல் அமெரிக்காவில் 121 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து, குடும்பவழிச் சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் முழுக்கக் குணமாகியிருந்தார்கள். தனியாகப் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம். பாதிப் பேருக்கு இதுவும் முழுப் பலன் தரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஆனாலும் இந்த வயதுக்கு இதைவிட நல்ல சான்றுள்ள வழி வேறில்லை.

நம் வீடுகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிள்ளைக்கு ஊட்டுவது இங்கே யாரும் கற்றுத்தரவேண்டிய விஷயம் இல்லை. பாட்டி, அத்தை என்று மாற்றி மாற்றி உட்கார ஆளும் பல வீடுகளில் இருக்கிறது. மேல்நாட்டுக் குடும்பங்களுக்கு மெனக்கெட்டுச் சொல்லித்தரும் பாதி விஷயம் நமக்கு வழக்கத்திலேயே இருக்கிறது. கூடவே வரும் கெஞ்சலும் மிரட்டலும்தான் பிரச்சினை.

நடைமுறை இப்படி. ஒரு நாளைக்கு ஆறு வேளை: மூன்று சாப்பாடு, மூன்று சிற்றுண்டி. என்ன, எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், நீங்களே பரிமாறுங்கள். அவள் சமையலறைப் பக்கம் வரவேண்டாம். அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிடச் செறிவைக் கூட்டுவது எளிது. பருப்பு சாதத்தில் நெய், சத்துமாவுக் கஞ்சியில் தண்ணீருக்குப் பதில் பால், இட்லிக்குப் பொடியோடு தாராளமாக நல்லெண்ணெய், வேர்க்கடலைச் சட்னி, தேங்காய்ப்பால், முந்திரி. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2400 கலோரி வேண்டும் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அது ஆரோக்கியமான பிள்ளைக்கு. இழந்ததை மீட்கும் பிள்ளைக்கு அதைவிட அதிகம் தேவைப்படும். இந்த எண்களை அவள் காதில் போடவேண்டாம். உங்கள் மனதில் இருந்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல நாளாக அநேகமாக எதுவுமே உண்ணாத, அல்லது மிக வேகமாக இளைத்த பிள்ளைக்கு முதல் நாளே வயிறு நிறையப் போடக்கூடாது. பட்டினி கிடந்த உடலில் மாவுச்சத்து திடீரென்று ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறலாம். எந்த அளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்பதை ரத்தப் பரிசோதனையோடு மருத்துவர்தான் சொல்லவேண்டும். முதல் சில நாட்களை ஆஸ்பத்திரியில் கழிக்கவேண்டியும் வரலாம்.

தட்டின் முன்னால் விவாதம் வேண்டாம். "ஆப்பிரிக்காவில குழந்தைங்க சோறில்லாம…" வேண்டாம். "அம்மா செத்துப்போறேன்" வேண்டவே வேண்டாம். "கண்ணு, இது உனக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியுது. இருந்தாலும் இந்தத் தட்டு முடியற வரைக்கும் நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்" — இந்த ஒரு வரியையே நூறு முறை சொல்லவேண்டியிருக்கும். அழுவாள், தட்டைத் தள்ளுவாள், "உன்னை வெறுக்கிறேன்" என்பாள். அந்த வசவை உங்கள் பெண் பேசுவதாக எடுத்துக்கொள்ளாமல் நோயின் கணக்கில் எழுதிவிடுங்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். பல்லாங்குழியோ சீரியலோ எதுவானாலும் சரி, குளியலறைக்குத் தனியாகப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே பேச்சாக நிற்கவேண்டும். ஒருவர் கண்டிப்பும் ஒருவர் செல்லமுமாக இருக்கும் வீட்டில் நோய் அந்த இடைவெளியில் நுழைந்துகொள்ளும். வாரம் ஒரு முறை எடை, அதுவும் மருத்துவர் முன்னால். முதல் நான்கு வாரத்தில் சுமார் 2 கிலோவாவது ஏறினால் நல்ல அறிகுறி. ஏறவே இல்லை என்றால் வீட்டு முறை மட்டும் போதவில்லை என்று அர்த்தம்.

அவள் எப்போதும் "குண்டாகிடுவேன்" என்றுதான் சொல்லவேண்டும் என்பதில்லை. "வயிறு உப்புது", "செரிக்கல", "பசிக்கல" என்று மட்டும் சொல்லும் பிள்ளைகளும் நிறைய. 1993-ல் ஹாங்காங் மருத்துவர் சிங் லீ வெளியிட்ட ஆய்வில், 70 அனொரெக்சியா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பருமன் பயமே இல்லை. பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், ஆகவே உப்புசம் பொய்யும் இல்லை. திரும்பச் சாப்பிடச் சாப்பிட அது சில வாரத்தில் குறையும். நம் ஊரில் இன்னொரு வேடமும் உண்டு: திடீர் பக்தி. சஷ்டி, சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று விரத நாட்கள் பெருகும், அல்லது ஒரே நாளில் சைவமாகிவிடுவார்கள். விரதம் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் என்று சொல்ல வரவில்லை. விரதம் முடித்த பிறகு பாயசத்தோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்வீர்கள், அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 2019-ல் ஏறக்குறைய 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்ததில் மரபணுத் தொகுப்பில் இந்நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்கள் தெரியவந்தன. அந்த மரபுக் கூறுகளில் சில மனநிலையோடு மட்டுமன்றி உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் பிணைந்தவை. ஒரே வீட்டில், ஒரே கிண்டலைக் கேட்டு வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி இரண்டு வாரத்தில் டயட்டை மறந்துவிடுவதும் இன்னொருத்தி அதிலேயே மாட்டிக்கொள்வதும் இதனால்தான். சூழலுக்குப் பங்கில்லை என்று அர்த்தமில்லை. ஃபிஜித் தீவின் நாட்ரோகா பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. மூன்று வருடத்தில் அங்கே பள்ளி மாணவிகளிடையே உண்ணல் கோளாற்றுக்கான அறிகுறிகள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியதை ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவு செய்திருக்கிறார். ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வு 2021-ல் வெளியே கசிந்தபோது, தங்கள் உடலைப் பற்றி ஏற்கனவே வருந்திக்கொண்டிருந்த இளம்பெண்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொல்லியிருந்தது தெரியவந்தது. போனைப் பிடுங்குவதால் நோய் போகாது. ஆனால் சாப்பாட்டு மேசைக்குப் போன் வரவேண்டாம், கலோரி எண்ணும் செயலிகளை அழித்துவிடுங்கள்.

உறவினர்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். கல்யாண வீட்டில் "என்ன இப்படி இளைச்சுட்ட, ஸ்லிம்மா அழகாயிட்டியே" என்று ஒரு சித்தி சொல்வது அவளுக்குப் பதக்கம். நாலு கிலோ ஏறியபிறகு "இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு, நல்லா சதை போட்டிருக்க" என்று அதே சித்தி சொல்வது ஒரு வாரத்து உழைப்பைக் கெடுத்துவிடும். உடம்பைப் பற்றி எதுவும் பேசவேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எல்லா உண்ணல் கோளாறும் எலும்பும் தோலுமாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியாவில் எடை சாதாரணமாகவே இருக்கலாம். கன்னத்தின் கீழ் வீக்கம், பல் எனாமல் தேய்வது, விரல் முட்டியில் தழும்பு, சாப்பிட்ட உடனே குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் இருப்பது போன்றவை அடையாளங்கள். அடிக்கடி வாந்தியெடுத்தால் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். இதற்கு உரிய பேச்சு சிகிச்சை உண்டு, ஃப்ளூவாக்செட்டின் மருந்தும் பலருக்கு உதவும். அனொரெக்சியாவுக்கு அப்படி நிரூபணமான மாத்திரை இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மனநலப் பிரிவு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உண்ணல் கோளாறு என்று வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இருந்தது மெலியும் ஆசையே இல்லாத, மன அழுத்தத்தால் வரும் வாந்தி. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் எடுத்துச் சலித்த பெற்றோர் இதையும் மனதில் வைக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் இந்த நோய்கள் வரும். அவர்களிடம் ஜிம், புரோட்டீன் பவுடர், சோற்றை விலக்கிய தட்டு என்ற உருவில் வருவதால் ஒழுக்கம் என்று பாராட்டு வாங்கிவிடும்.

எங்கே போவது? உண்ணல் கோளாறுக்கென்றே தனி மையங்கள் நம்மிடம் அரிது. குழந்தை மனநலப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளைத் தேடுங்கள்: வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், அல்லது பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை. குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், உணவியலாளர் மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இடமாக இருந்தால் நல்லது. உணவியலாளர் கையில் எடை குறைப்புப் பட்டியல்தான் இருக்கிறது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். தொலைபேசியில் வழி கேட்க 14416, அரசின் டெலி மானஸ் சேவை. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். அவள் "வாழவே பிடிக்கல" என்ற தொனியில் எதுவும் சொன்னால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அன்றே மருத்துவரிடம் போங்கள். காப்பீடு இருந்தால் மனநோய் என்று காரணம் காட்டி ஒதுக்கமுடியாது. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்கிறது 2017-ன் மனநலச் சட்டம்.

கடைசியாகப் பொதுத்தேர்வு. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாகி, எடை ஏறுமுகத்தில் இருந்தால் பள்ளிக்குப் போகலாம். மதிய உணவின்போது நீங்களோ வகுப்பாசிரியரோ கூட உட்காரவேண்டும், பி.டி. வகுப்பும் டான்ஸ் கிளாஸும் மருத்துவர் சொல்லும்வரை கிடையாது. தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றோடு பேசிவிடுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் இந்த வருடம் தேர்வு வேண்டாம். துணைத்தேர்வு இருக்கிறது, அடுத்த மார்ச்சும் இருக்கிறது. எடை சரியானபின்னும் பயம் உடனே விலகாது, அதற்கு மேலும் பல மாதம் ஆகும். மாதவிடாய் திரும்பவும் அதுபோல் சில மாதம் ஆகலாம். அதுவரை ஆறு வேளைத் தட்டை நிறுத்தாதீர்கள். "இனிமே நானே பார்த்துக்கறேன்மா" என்று அவள் சொன்னதும் மொத்தமாக விட்டுவிடாமல், முதலில் மாலைச் சிற்றுண்டியை மட்டும் அவள் பொறுப்பில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் எடை இறங்காமல் இருந்தால் காலை டிபனையும் கொடுக்கலாம்.